பாட்டியின் வடையும் நந்தனின் வயலும்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தோருள் பாட்டி வடை சுட்ட கதையைக் கேளாதார் இரார். வடையைத் திருடிய காகத்தையும், அதனைப் பாடச் சொல்லி ஏமாற்றிய நரியையும் கூறி, புகழ்ச்சிக்கு மயங்கலாகாது என்ற நீதியோடு கதையை முடிப்பது ஆசிரியர் வழக்கம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே முடித்து வந்தேன். ஒருநாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சார், பாட்டிக்கு வடை போச்சே, அதுக்குக் காசு யாரு குடுப்பாங்க?" என்று கேட்டாள். அவளுடைய தாய் சாலையோரத்தில் இட்லி சுட்டு விற்பவர். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நீதி சொன்ன எவரும் பாட்டியின் நட்டத்தை எண்ணிப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் எனக்குப் புலப்பட்டது. கதையை ஆக்குவோர் யார், மாற்றுவோர் யார் என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலில் அறிந்தவற்றை வெள்ளி விழா மலர் வாயிலாக நம் இளைஞர் முன் வைக்கிறேன்.

அடிமையின் கதை அரண்மனை சென்றது

காகமும் நரியும் கதையின் பழைய வடிவம் ஈசாப் கதைகளில் காணப்படுகிறது. ஈசாப் சாமோஸ் தீவில் அடிமையாக இருந்தவர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் இக்கதைகளை இலத்தீன் செய்யுளாக்கிய பீட்ரஸ் என்பாரும் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவரே. மனத்திலுள்ளதை வெளிப்படையாகச் சொல்ல இயலாத அடிமை, விலங்குகளின் மேல் ஏற்றிச் சொல்லியதே இவ்வகைக் கதை என்று அவர் காரணம் காட்டினார். ஆகவே இது வாய் கட்டப்பட்டோர் கண்டுபிடித்த பேச்சு முறையாகும்.

1668இல் பிரெஞ்சுக் கவிஞர் லா பொந்தேன் இக்கதைகளை மீண்டும் பாடி, பதினான்காம் லூயி மன்னரின் இளவயது மைந்தனுக்குக் காணிக்கையாக்கினார். அடிமையின் கதை அரசகுமாரனின் பாடமாயிற்று. காகத்தின் வாயிலிருந்த உணவும் இடத்துக்கேற்ப மாறியது. பழைய கிரேக்க வடிவத்தில் அது இறைச்சித் துண்டு. பீட்ரஸ் அதனைப் பாலாடைக் கட்டியாக்கினார். தமிழ்நாட்டில் அது வடையாயிற்று. பௌத்த ஜாதகக் கதை ஒன்றில் நாவல் மரத்தில் இருந்த காகத்தை நரி புகழ, காகமும் நரியைப் புகழ்ந்து பழங்களை உதிர்க்கிறது. அங்கே மரத்தில் வாழும் தெய்வம் இருவரையுமே பொய்யர் என்று கடிந்து விரட்டுகிறது. ஏமாந்தவனை மட்டும் நகையாமல், பொய்ப்புகழில் பங்குகொண்ட இருவரையும் கண்டிக்கும் நீதி அது.

முடிவை மாற்றிய மொழிபெயர்ப்பாளர்

பஞ்சதந்திரமோ அரசகுமாரர் மூவருக்கு அரசியல் கற்பிக்க எழுந்த நூல். அதன் முதற்பகுதியில் சிங்கத்துக்கும் எருதுக்கும் பகை மூட்டி எருதைக் கொல்வித்த நரி, தண்டனை ஏதுமின்றி அமைச்சனாக வீற்றிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், 8ஆம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும் இந்நூல் சென்றது. அரபு நூலில் புதிய இயல் ஒன்று காணப்படுகிறது. அதில் அந்நரி வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டனை அடைகிறது. அரபியில் ஆக்கிய இப்னுல் முகஃப்பாவே அதனைச் சேர்த்தவர் என்பது அறிஞர் கருத்து. வஞ்சகன் வென்றான் என்று கதையை விட்டுவிட அவர் மனம் ஒப்பவில்லை போலும்.

ஒரு மரப்பாவை, பல ஆட்சிகள்

ஆட்சிமுறை கதையை எவ்வாறு வளைக்கும் என்பதற்குப் பினோக்கியோ என்னும் மரப்பாவையின் கதை தக்க சான்று. இத்தாலியில் கொல்லோடி எழுதிய இக்கதை 1883இல் நூலாயிற்று. குறும்புக்காரப் பாவை, உழைப்பும் கீழ்ப்படிதலும் கற்று உண்மைச் சிறுவனாவதே அதன் முடிவு. முசோலினி ஆட்சிக்கு வந்தபின் 1923இல் அதே பாவையைப் பாசிசக் கருஞ்சட்டையனாக்கி நூல் வெளியிட்டனர். சோவியத் நாட்டில் அலெக்சேய் தல்ஸ்தோய் 1936இல் புராத்தினோ என்று பெயர் மாற்றி எழுதினார். அவருடைய பாவை நல்ல பிள்ளையாக மாறுவதில்லை. கொடிய முதலாளியிடமிருந்து பாவைகளெல்லாம் தப்பித் தமக்கென ஒரு நாடக அரங்கையே அடைகின்றன. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1940இல் அதனைத் திரைப்படமாக்கினார். மூலக்கதையில் பாவை எறிந்த சுத்தியலால் மடியும் சிள்வண்டு, படத்தில் அதற்கு வழிகாட்டும் நண்பனாயிற்று.

மாஸ்கோவில் அச்சான தமிழ்ச் சிறுவர் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் குறைந்த விலைக்கு விற்ற காலம் ஒன்றிருந்தது. என் இளமையில் வண்ணப்படங்களோடு என் கைக்கெட்டிய புத்தகங்கள் அவையே. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவ்வரவு நின்றது. ஆட்சி மாறினால் கதை மாறுவதோடு, கதை வந்து சேரும் வழியும் அடைபடும் என்பதற்கு நாமே சாட்சி.

நம் நந்தன்

இனி நம் கதைக்கு வருவோம். சிறுவர்க்குப் பக்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நந்தனார் கதையை நோக்குக. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்று பெயரளவில் குறித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை விரித்துப் பாடினார். அங்கே நந்தனாரைத் தடுப்பது பிறந்த குலம். பண்ணையார் எவரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் வேதியர் என்னும் நிலவுடைமையாளரைப் படைத்து, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தபின்பே சிதம்பரம் போகலாம் என்று ஆணையிட வைத்தார். அடியவர் கதைக்குள் பண்ணை அடிமையின் கண்ணீர் புகுந்தது அப்போதுதான். ஆயினும் அவ்வேலையை ஓரிரவில் முடித்துத் தருவது இறைவனருள். அடிமை முறை அடிமை முறையாகவே நின்றது. 1935இலும் 1942இலும் திரைப்படங்களாக வந்து நாடெங்கும் பரவியது பெரிதும் இக்கீர்த்தனையின் கதையே.

அயோத்திதாசப் பண்டிதர் இவ்வழியில் செல்லவில்லை. 1907இல் தாம் தொடங்கிய இதழின் வாயிலாகத் தமிழர் வரலாற்றைப் புதிதாக எழுதிய அவர், நந்தன் பௌத்த மன்னன் என்றும் வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்டவன் என்றும் உரைத்தார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதார் பற்றித் தாம் எழுதிய நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்கு உரிமையாக்கினார். 1978இல் இந்திரா பார்த்தசாரதியின் நந்தன் கதை நாடகம், தீயில் இறங்கியதைச் சூழ்ச்சியின் விளைவாகக் காட்டிற்று. பெயர் ஒன்றே, சொல்பவர் மாறுந்தோறும் நந்தன் அடியவன், அடிமை, அரசன், பலியானவன் என மாறுகிறான். பள்ளிச் சிறுவனுக்கு எந்த நந்தன் சொல்லப்படுகிறானோ, அவனைக் கொண்டே அச்சிறுவன் தன்னையும் மதிப்பிடுவான்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

கதை மாறுவது குற்றமன்று. மாறாத கதை வாழ்வதில்லை. நம் கதையை மாற்றும் உரிமை என்றும் பிறர் கையிலேயே இருந்ததுதான் குறை. எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் கதையைக் கேட்கலாம், வாயாற் சொல்லலாம், நூலாக்க இயலாது. இன்று நம் பிள்ளைகள் எழுதக் கற்றுவிட்டனர். இனி அந்தச் சாக்கு நமக்கு இல்லை.

ஆகவே இளைஞர்களே, ஆளுக்கொரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் ஆயா, தாத்தா சொல்லும் கதைகளை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். சொன்னவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தவறாமல் குறியுங்கள். கூத்து மேடையில் கட்டியக்காரன் பழங்கதைக்கு நடுவே இன்றைய ஊர் நடப்பைச் சேர்த்துப் பேசுவானே, அதையும் விடாதீர்கள். அக்குறிப்பேடுகளை நம் கல்விச் சங்கம் நூலாக வெளியிடுமாயின், இந்த வெள்ளி விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.

அச்சிறுமியின் கேள்விக்குப் பின், என் வகுப்பில் அக்கதை நரியோடு முடிவதில்லை. பாட்டி என்ன செய்தாள் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்கிறேன். ஒவ்வோராண்டும் ஒரு புது முடிவு பிறக்கிறது. அம்முடிவுகளில் ஒன்றிலேனும் பாட்டி வெறுங்கையோடு வீடு திரும்பியதில்லை.