நிலவு ஒன்று, நாள் இரண்டு: பிளேஸ்டோவில் எழும் வானியல் கேள்விகள்

கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவிலும் அதனை அண்டிய ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க் பகுதிகளிலும் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் ஒரு கேள்வி உண்டு. ஊரில் காலமான தந்தையின் திவசத்தை எந்த நாளில் செய்வது என்பதே அது. யாழ்ப்பாணத்தில் அச்சான பஞ்சாங்கம் புதன்கிழமை என்று காட்ட, லண்டனுக்காகக் கணிக்கப்பட்ட நாட்காட்டி செவ்வாய்க்கிழமை என்று கூறும். ஊரில் சகோதரி ஒரு நாளிலும் இங்கு மகன் மற்றொரு நாளிலும் விரதம் இருக்க நேர்கின்றது.

இதில் யாரோ ஒருவர் தவறிழைத்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறில்லை. நிலவு உலகம் முழுமைக்கும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் வேறுபடுபவை அடிவானமும் கடிகாரமுமே ஆகும்.

வேறுபடும் அடிவானம்

முதலில் அடிவானத்தை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உள்ளது. பிளேஸ்டோ இருப்பது 51.5 பாகையில். இதனால் யாழ்ப்பாணத்தில் வடக்கு அடிவானத்தை ஒட்டி மங்கலாகத் தெரியும் துருவ நட்சத்திரம், லண்டனில் வானத்தின் பாதி உயரத்திற்கும் மேலே நிற்கின்றது. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. பிளேஸ்டோவில் அது ஒருபோதும் நிகழ்வதில்லை. டிசம்பர் பிற்பகுதியில் அங்கு நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரமே ஏறுகின்றது. அக்காலத்தில் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு.

ஊரில் கண்ட நட்சத்திரங்கள் எல்லாம் லண்டனில் தெரியுமா என்பது அடுத்து வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. இல்லை என்பதே விடை. தமிழர் அகத்தியர் பெயரால் அழைக்கும் விண்மீன், இரவு வானில் சிரியசுக்கு அடுத்தபடியாக மிகப் பிரகாசமானது. மார்கழி, தை மாத இரவுகளில் யாழ்ப்பாணத்தில் தென் திசையில் ஏறத்தாழ 28 பாகை உயரத்தில் அதனைக் காணலாம். ஆனால் வட அகலக்கோடு 37 பாகைக்கு அப்பால் அது உதிப்பதே இல்லை. பிளேஸ்டோவில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, தெற்கே பயணம் செய்தாலன்றி அகத்தியரைக் காண இயலாது.

திருமணச் சடங்கில் மணமக்களுக்குக் காட்டப்படும் அருந்ததியின் நிலை இதற்கு நேர் எதிரானது. யாழ்ப்பாணத்தில் அது நாளுக்குப் பதினான்கு மணி நேரம் அளவிலேயே அடிவானத்திற்கு மேல் இருக்கும். அதிலும் ஒரு பகுதி பகல் வெளிச்சத்தில் கழிந்துவிடும். லண்டனிலோ அது மறைவதே இல்லை. மேகமற்ற எந்த இரவிலும் சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் வசிட்டருக்கு அருகே அருந்ததி இருக்கும். நகரத்து விளக்கொளியில் அந்த மங்கலான விண்மீனை வெறுங்கண்ணால் பிரித்தறிவது எளிதன்று, சிறிய தொலைநோக்கி ஒன்று தேவைப்படும். பகலில் நடைபெறும் மணச் சடங்கில் அருந்ததியைப் பார்த்ததாகத் தலையசைப்பது மட்டும் இரு ஊர்களுக்கும் பொதுவானது.

பிறை நிலவின் தோற்றமும் அடிவானத்தைப் பொறுத்ததே. நிலவு செல்லும் பாதை வெப்ப மண்டல நாடுகளில் அடிவானத்திற்கு ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால், அங்கு மூன்றாம் பிறை தோணியைப் போல் மல்லாந்து கிடக்கின்றது. லண்டனில், குறிப்பாக இலையுதிர் காலத்தில், அப்பாதை தாழ்வாகச் சரிந்திருப்பதால் அதே பிறை நிமிர்ந்து நிற்கக் காணலாம்.

திதியும் கடிகாரமும்

சூரியனிலிருந்து நிலவு 12 பாகை விலகிச் செல்லும் கால அளவே ஒரு திதி. நிலவின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி சுமார் 19 மணி முதல் 26 மணி நேரம் வரை நீடிக்கும். திதி தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகெங்கும் ஒன்றே. அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஊரிலும் பொழுது என்ன என்பதே வேறுபடுகின்றது.

புவி மணிக்கு 15 பாகை சுழல்கின்றது. கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் உள்ள யாழ்ப்பாணத்தில் சூரியன் லண்டனை விட 5 மணி 20 நிமிடம் முன்னதாக உச்சத்தைக் கடக்கின்றது. கடிகார வேறுபாடு குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், பிரித்தானியக் கோடைகால நேரம் நடைமுறையில் உள்ள மாதங்களில் நாலரை மணி நேரமும் ஆகும். 1884ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாட்டில் உலகின் தொடக்கக் கோடாக ஏற்கப்பட்ட கிரீன்விச் நெடுங்கோடு, பிளேஸ்டோ இரயில் நிலையத்திற்கு மேற்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் செல்கின்றது. கிரீன்விச்சை விட நான்கு விநாடிகள் முன்னதாகவே பிளேஸ்டோவில் நண்பகல் வந்துவிடுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு: குளிர்காலத்தில் ஒரு திதி யாழ்ப்பாண நேரப்படி செவ்வாய் மாலை 5 மணிக்குத் தொடங்கி, புதன் மாலை 4 மணிக்கு முடிவதாகக் கொள்வோம். திவசத்திற்குப் பிற்பகலில் நிற்கும் திதியைக் கொள்வதே பொதுவான வழக்கம் என்பதால், யாழ்ப்பாணத்தில் புதன்கிழமையே அதற்குரிய நாள். அதே திதி லண்டனில் செவ்வாய் முற்பகல் 11.30க்குத் தொடங்கி, புதன் முற்பகல் 10.30க்கு முடிந்துவிடுகின்றது. இங்கு செவ்வாய் பிற்பகலில்தான் அத்திதி நிற்கின்றது. இரு நாட்களும் அந்தந்த ஊருக்குச் சரியானவையே.

விரதங்களுக்குச் சூரிய உதயத்தை அளவாகக் கொள்ளும்போதும் இதே நிலை ஏற்படும். தமிழ் பேசும் முஸ்லிம்களின் பிறைக் கேள்வி வேறு வகையானது. அங்கு கணக்கைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரிவது முக்கியம். இலங்கையில் சூரியன் மறைந்த பின் லண்டனில் மறைவதற்குள் நிலவுக்குப் பல மணி நேர வயது கூடிவிடுகின்றது. எனவே அங்கு தெரியாத பிறை இங்கு அதே மாலையில் தென்படக்கூடும்.

இரண்டு பஞ்சாங்கங்கள்

ஊரைப் பொறுத்த வேறுபாட்டுடன் கணித முறையைப் பொறுத்த வேறுபாடும் சேர்ந்துகொள்கின்றது. திருக்கணிதம் தற்கால வானியல் கணிப்பைப் பின்பற்றுகின்றது. வாக்கியம் பழைய மனப்பாட வாய்பாடுகளைப் பின்பற்றுகின்றது. பின்னதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. 1825ஆம் ஆண்டு நிகழ்ந்த சந்திர கிரகணம் ஒன்றைப் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர், நிலத்தில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே கணித்துக் காட்டினார். ஜான் வாரன் தமது 'கால சங்கலிதம்' நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட பிழை நான்கு நிமிடம் மட்டுமே. முடிவு நேரத்தில் பிழை ஏறத்தாழ 52 நிமிடமாக இருந்தது.

ஆனால் பழைய முறை, அமாவாசையையும் பௌர்ணமியையும் அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. சூரியனின் ஈர்ப்பால் நிலவின் ஓட்டத்தில் ஏற்படும் சில மாறுதல்கள் அதில் இடம்பெறவில்லை. எனவே அட்டமியை ஒட்டிய திதிகளில் இரு பஞ்சாங்கங்களுக்கும் இடையே சில மணி நேர வேறுபாடு தோன்றுகின்றது. திவசத்திற்கு எந்த முறையை ஏற்பது என்பது குடும்ப வழக்கைப் பொறுத்தது. எனினும் இறந்த நாளின் திதியை ஒரு முறையிலும் ஆண்டுத் திவசத்தை மற்றொரு முறையிலும் பார்ப்பது குழப்பத்தையே தரும்.

போர்க்காலத்தில் காலமானோரின் திதியைக் கணிப்பதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கை அரசு 1996ஆம் ஆண்டு மே மாதம் நாட்டின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தி, அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய நேரமே பின்பற்றப்பட்டது. ஒரே நாளில் யாழ்ப்பாண நகரத்துக் கடிகாரமும் வன்னிக் கடிகாரமும் வெவ்வேறு நேரம் காட்டின.

அரை மணி நேர வேறுபாட்டால் திதி மாறும் வாய்ப்பு நூற்றில் இரண்டு அளவே. ஆயினும் திதி மாறும் வேளையை ஒட்டி மரணம் நிகழ்ந்திருப்பின், குறித்து வைத்த மணி எந்தக் கடிகாரத்தின் மணி என்பதை அறிந்தே கிரீன்விச் நேரத்திற்கு மாற்ற வேண்டும். பல குடும்பங்களில் அதனைச் சொல்லக்கூடியவர் அன்று உடனிருந்த ஒருவர் மட்டுமே.