பரிதிமாற் கலைஞரின் காசநோயும் தாம்பரம் சானடோரியமும்

வி. கோ. சூரியநாராயண சாஸ்திரி என்ற இயற்பெயர் கொண்ட பரிதிமாற் கலைஞர் 1903 நவம்பர் 2 அன்று காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 33. தமிழ் நாடகத்துக்கு ஓர் இலக்கண நூல், மேடைக்கென நாடகங்கள், ஒரு புதினம், மொழி வரலாறு என அவர் எழுதியவை எல்லாம் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை. அவர் பணியாற்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி இன்று தாம்பரத்தில் உள்ளது. அவரைக் கொன்ற நோய்க்காகக் கட்டப்பட்ட சானடோரியமும் தாம்பரத்தில்தான் உள்ளது. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் இரண்டுமே அங்கு இல்லை.

இதைத் தொடக்கத்திலேயே சொல்லக் காரணம் உண்டு. பரிதிமாற் கலைஞரைத் 'தாம்பரம் கல்லூரித் தமிழாசிரியர்' என்று எழுதும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அவர் படித்ததும் கற்பித்ததும் ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த பழைய கல்லூரியில். நெரிசல் மிகுந்த அந்த இடத்தை விட்டு, சேலையூர்க் காட்டை அடுத்த நிலத்துக்குக் கல்லூரி வந்தது 1937 இல்.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870 இல் பிறந்த அவர், 1892 இல் இக்கல்லூரியில் பட்டம் பெற்றார். அப்போது முதல்வராக இருந்தவர் வில்லியம் மில்லர். தத்துவத் துறையில் பணி தர அவர் முன்வந்தபோது, தமிழைக் கற்பிக்கவே விரும்புவதாகச் சாஸ்திரி கூறினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கல்லூரிகளில் தமிழ்ப் பண்டிதருக்கு மற்றப் பேராசிரியர்களுக்குச் சமமான ஊதியமோ மதிப்போ இல்லாத காலம் அது.

1897 இல் அவருடைய 'நாடகவியல்' வெளிவந்தது. இந்த நூல் ஏன் அந்தக் காலத்தில் தோன்றியது என்பதைப் பார்க்க வேண்டும். 1892 இல் உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் எனப் பல நாடகத் தமிழ் நூல்கள் மறைந்துவிட்டதை அந்த உரை சொல்கிறது. இயல், இசை, நாடகம் என்று முத்தமிழ் பேசிய மொழியில் நாடகத்துக்கு மட்டும் இலக்கணம் கையில் இல்லை என்பது படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அதே வேளையில் நகரத்தில் பார்சி நாடகக் குழுக்கள் வந்து ஆடின. 1891 இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அதே ஆண்டில் அச்சேறியது. மேடை இருந்தது, கூட்டமும் இருந்தது. எப்படிச் செய்வது என்று சொல்லும் தமிழ் நூல்தான் இல்லை.

அந்த இடத்தை நிரப்ப முயன்ற நூல் நாடகவியல். வடமொழி நாடக மரபையும், கல்லூரியில் தாம் கற்ற ஆங்கில நாடக மரபையும் ஒப்பிட்டு, நாடகத்தின் வகைகள், கதைக் கட்டு, பாத்திரங்கள், நடிப்பு ஆகியவற்றை அவர் நூற்பாக்களாக வகுத்தார். நூற்பா வடிவம் இதன் பலமும் பலவீனமும். புலவர்கள் இதை இலக்கணம் என்று ஏற்க அந்த வடிவம் உதவியது. ஆனால் ஒத்திகையில் நிற்கும் நடிகனுக்கு நூற்பா பயன்படாது. பிற்காலத்தில் பம்மல் சம்பந்த முதலியார் நடிப்பைப் பற்றி எழுதியவை எளிய உரைநடையில், மேடை அனுபவத்திலிருந்து வந்தவை. அவற்றை இன்றும் ஒரு நடிகர் படித்துப் பயன் பெறலாம். 1926 இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் 'மதங்க சூளாமணி' ஷேக்ஸ்பியர் நாடகங்களை முன்வைத்து ஆராய்ந்தது. ஈழத்தில் பிறந்த அடிகளின் அந்த நூலை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. இந்த வரிசைக்கு முன்னோடி நாடகவியலே.

பரிதிமாற் கலைஞர் ஏட்டோடு நின்றவரும் அல்லர். 'ரூபாவதி', 'கலாவதி', 'மானவிசயம்' என்று நாடகங்கள் எழுதினார். தம் நாடகங்களில் தாமே பெண் வேடமிட்டு நடித்தார் என்றும் சொல்லப்படுகிறது. ஒரு கல்லூரித் தமிழாசிரியர், அதுவும் அந்தணர், 1890களில் மேடையேறியது சின்ன விஷயமன்று. கூத்தாடுவது இழிவு என்று கருதிய சமூகம் அது. இலக்கணம் எழுதியவரே நடித்தும் பார்த்தார் என்பதால், இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் நூற்பாவை விட்டு உரைநடையில் ஒரு செய்முறை நூல் எழுதியிருப்பாரோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

அவருடைய புதினம் 'மதிவாணன்'. நண்பர் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து நடத்திய 'ஞானபோதினி' இதழில் அது தொடராக வந்தது. செந்தமிழ் நடை, இன்றைய வாசகருக்குக் கடினமானது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அதே கல்லூரியில் படித்தவர்தான். இருவரின் உரைநடையையும் அருகருகே வைத்தால் மாதவையாவின் நடைதான் நாவலுக்கு உகந்தது என்பது தெரியும். ஆனாலும் ஒரு செய்தியில் இருவரும் ஒன்றுபட்டனர். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் முயற்சியை 1902 அளவில் பரிதிமாற் கலைஞர் எதிர்த்தார். 1925 இல் அதே பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூட்டத்தில் பட்டப் படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பேசி அமர்ந்த மாதவையா அங்கேயே உயிர் துறந்தார்.

இனி நோய். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882 இல் கண்டறிந்துவிட்டார். 1895 இல் எக்ஸ்ரே கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆக, 1903 இல் மருத்துவ அறிவியலுக்கு இந்த நோயின் காரணம் தெரியும். நுரையீரலைப் படம் பிடிக்கவும் வழி இருந்தது. மருந்துதான் இல்லை. ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் தருவதே ஐரோப்பாவில் தோன்றிய சானடோரிய முறை. சென்னை நகரத்துத் தமிழாசிரியருக்கு அதுவும் கிட்டும் தொலைவில் இல்லை.

அம்முறையைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து என்ற தமிழ் மருத்துவர். இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் மெண்டிப் குன்றுகளில் அவர் ஒரு சானடோரியம் நடத்தினார். 1914 இல் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் செல்ல ஏறிய 'நெவாசா' கப்பலில் சவுரிமுத்துவும் பயணம் செய்தார். 1917 இல் ராமானுஜன் நோயுற்றபோது, சில காலம் அந்த மெண்டிப் சானடோரியத்திலேயே சிகிச்சை பெற்றார். ராமானுஜன் 1920 இல் சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். அவருக்கு இருந்தது காசநோய் அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று 1994 இல் டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் வாதிட்டார். நோயறியும் கருவிகள் அன்று எவ்வளவு குறைவாக இருந்தன என்பதற்கு இது ஒரு சான்று.

சவுரிமுத்து காசநோயைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான மருத்துவ நூல்கள் எழுதினார். இந்திய மருத்துவத்தின் தொன்மையைப் பற்றியும் எழுதினார். 1928 ஏப்ரலில் தாம்பரத்தில் 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கைகளுடன் சானடோரியத்தைத் தொடங்கினார். பச்சைமலை அடிவாரத்து வறண்ட நிலமும் காற்றோட்டமும் அதற்கு ஏற்றவையாக இருந்தன. 1931 இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937 இல் அரசு சானடோரியத்தை எடுத்துக்கொண்டது. கல்லூரி தாம்பரத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆனால் படுக்கைகள் பெருகியதே தவிர, மருந்து இன்னும் வரவில்லை. பாதிக்கப்பட்ட நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசி வழியே காற்றைச் செலுத்தி அதைச் சுருங்கச் செய்வது அக்காலத்துச் சானடோரியங்களின் முக்கியத் தொழில்நுட்பம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943 இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அது இந்தியாவில் சாதாரண நோயாளியின் கைக்கு எட்டும் முன்பே, 1948 இல் புதுமைப்பித்தனும் இதே நோய்க்குப் பலியானார். தமிழ்ச் சிறுகதையின் பெரும் பெயர் அது. அவருக்கு வயது 42.

1952 இல் ஐசோனயசிட் வந்ததும் வேறொரு கேள்வி எழுந்தது. மருந்தே குணப்படுத்தும் என்றால் சானடோரியம் எதற்கு? இதற்கு விடை கண்டது சென்னைதான். 1956 இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் இணைந்தன. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றொரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு அதே மருந்துகள் தரப்பட்டன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடியிருப்பு, குறைந்த உணவு, போதாத ஓய்வு. இருந்தும் 1959 இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய சமமாகக் குணமடைந்திருந்தனர். வீட்டாருக்குத் தொற்றும் அபாயமும் கூடவில்லை; மருந்து தொடங்கியதும் சளியில் கிருமி விரைவில் குறைந்துவிடுகிறது, தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே தொற்றிவிடுகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

தாம்பரம் மூடப்படவில்லை. நெஞ்சக நோய் மருத்துவமனை என்ற பெயருடன் அது தொடர்ந்தது. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் பல மருத்துவமனைகள் கதவடைத்தபோது இங்கே அவர்களுக்கு இடம் கிடைத்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துத் திட்டத்தை முதலில் தொடங்கிய மையங்களுள் தாம்பரமும் ஒன்று. அதே 2004 இல்தான், பரிதிமாற் கலைஞர் நூறாண்டுக்கு முன் எழுதிக் கோரிய செம்மொழித் தகுதியும் தமிழுக்கு வழங்கப்பட்டது. ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றுதான் எழுதியிருக்கிறது.