எங்க வீட்டு வாசலும் ஒரு தேக்குச் சண்டையும்

அலங்காநல்லூர்னு சொன்னதும் உங்களுக்கு வாடிவாசல்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப்போறது எங்க வீட்டு வாசலைப் பத்தி.

தாத்தா காலத்துத் தேக்கு நிலை. அதைச் சுத்தி ஓடுற அலங்காரச் சட்டத்துல, மழைத்தண்ணி இறங்கி ஒரு முழ நீளம் உளுத்துப்போச்சு. மதுரையில கடை கடையா ஏறி இறங்கினேன். பீடிங் எத்தனையோ ரகம் இருக்கு. எங்க வீட்டு வளைவு மட்டும் எதுலயும் இல்ல. "நிலையை வித்துட்டுப் புதுசு போட்டுடலாம்டா"ன்னார் அப்பா. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய கதவு, தூண் எல்லாம் விலைக்குப் போறது உங்களுக்கும் தெரியும்.

முதல்ல மரத்தோட கதை. அது பர்மா தேக்குன்னு தாத்தா சொல்வார். 1885இல், பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் தேக்குக் கணக்கைக் குறைச்சுக் காட்டுதுன்னு சொல்லி, தீபா மன்னரின் சபை பெரிய அபராதம் போட்டது. அந்தத் தகராறைச் சாக்கா வச்சு, நவம்பரில் பிரிட்டிஷ் படை மாண்டலேயைப் பிடிச்சது. 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மாவை இணைச்சுக்கிட்டதா அறிவிச்சாங்க. பர்மாவில் வட்டித்தொழில் செஞ்ச நகரத்தார் செட்டிநாட்டில் கட்டின வீடுகளுக்கு அங்கிருந்து தேக்கு கப்பலேறி வந்தது. 1942இல் ஜப்பான் படை உள்ளே நுழைஞ்சதும் அந்த வழி அடைபட்டது.

மரம் அங்க இருந்து வந்தாலும் வளைவு நம்ம ஊர்க்காரர் கையில பிறந்தது. அந்தக் காலத்துல இந்த மாதிரி வளைவு இழைக்கத் தனி இழைப்புளி வேணும். அதோட இரும்பை ஆசாரி தனக்கு வேண்டிய வடிவத்துல தீட்டி வச்சுக்குவார். அதனால ஆளுக்கு ஆள் வளைவு மாறும். இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தம் 1793இலேயே மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். இயந்திரம் வந்த பிறகு ஒரே வளைவு மைல் கணக்கா ஓட ஆரம்பிச்சது. கடையில நான் பார்த்ததெல்லாம் அதுதான்.

பக்கத்துத் தெரு ஆசாரி ஒருத்தர்தான் வழி சொன்னார். "கடையில ஏன் தம்பி தேடுறீங்க? அச்சு உங்க நிலையிலேயே இருக்கே."

உளுத்த பகுதியை அறுத்து எடுத்ததும் குறுக்கு வெட்டு சுத்தமாத் தெரிஞ்சது. அதுல காகிதத்தை வச்சு வளைவை வரைஞ்சேன். பழைய ஹேக்ஸா பிளேடு துண்டுல அதே வளைவைத் தலைகீழா அரத்தால ராவினேன். மேடு இருந்த இடம் பள்ளம், பள்ளம் இருந்த இடம் மேடு. ரெண்டு மரத்துண்டுக்கு நடுவுல பிளேடை இறுக்கி, பழைய மரக்கடையில வாங்கின தேக்குல நாரோட்டம் பார்த்துச் சுரண்டினேன். அவசரப்பட்டு அழுத்தினா மரம் பிஞ்சிடும். முதல் துண்டு அப்படித்தான் போச்சு. ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

ஒட்டின இடம் நிறத்துல இன்னும் தெரியுது. அப்பா கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பார்த்தார். இணைப்பு எங்கேன்னு கண்டுபிடிக்க முடியல. நிலையை விக்கிற பேச்சை அதுக்கப்புறம் அவர் எடுக்கல.

அந்த ஆசாரியோட இரும்பு எங்க போச்சோ. அதோட வடிவம் இப்ப என் டப்பாவுல, ஒரு பிளேடு துண்டுல இருக்கு. உங்க வீட்டுப் பழைய நிலையையும் ஒரு தடவை தடவிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!