தரங்கம்பாடி

மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே வங்கக் கடலோரம் அமைந்த ஊர்; இப்போது பேரூராட்சி. 1620 முதல் 1845 வரை டேனிய (டென்மார்க்) குடியேற்றமாக இருந்தது. டேனியர் இதை டிராங்கேபார் என்றனர். மதிலுக்குள் அடங்கிய பழைய நகரம் மிகச் சிறியது. மேற்கு வாசலில் தொடங்கும் ராஜா வீதி நேராகக் கடற்கரைக்குப் போகிறது. இரண்டு தேவாலயங்களும் அதே வீதியில்தான். சைக்கிளில் வருபவர் சற்று வேகமாக மிதித்தால் ஊரைத் தவறவிட்டுக் கடலைப் பார்த்துவிடுவார்.

டேனியருக்கு முந்தைய சான்றுகள் குறைவு. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமம் அளித்தார். ஓவே கெட்டே தலைமையில் வந்த கப்பல்கள் முதலில் இலங்கைக்குச் சென்றன. அங்கே காரியம் ஆகவில்லை. 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கு வழி செய்தவர், போர்ச்சுக்கீசியரிடம் கப்பலை இழந்து தப்பி வந்து நாயக்கர் அவையை அடைந்த ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர் என்பது பொதுவான கருத்து. ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய் என்று நூல்கள் குறிக்கின்றன. நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி டேனிய அரசருக்கு அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் உள்ளது. கடற்கரையில் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டையை, குரோன்போர்க்குக்கு அடுத்த பெரிய டேனியக் கோட்டை என்று சொல்வதுண்டு; எந்த அளவையில் என்பது தெளிவில்லை.

வணிகம் சோபிக்கவில்லை. கம்பெனி 1650இல் கலைக்கப்பட்டது. பல ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. சக டேனியர் ஒவ்வொருவராக இறந்துபோக, எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே உள்ளூர் ஆட்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். கடலில் பிறர் கப்பல்களைப் பிடித்தும் செலவைச் சமாளித்தார். நகர மதிலும் அவர் காலத்தது. 1669இல் கப்பல் வந்தபோது கோட்டையில் டேனியக் கொடி பறந்துகொண்டிருந்தது. தாய்நாடு மறந்துவிட்ட ஒரு வேலையை இவ்வளவு காலம் செய்தவருக்கு வரலாற்று நூல்கள் ஒரு பத்திக்கு மேல் தருவதில்லை.

1706 முதல் 1719 வரையிலான பதின்மூன்று ஆண்டுகளுக்கோ சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. நான்காம் ஃபிரெடரிக் அரசர் அனுப்பிய ஜெர்மன் பாதிரியார்கள் பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ இருவரும் 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கினர். சளைக்காமல் கடிதம் எழுதினர். ஜெர்மனியின் ஹாலே நகரில் அவை தொடர்ந்து அச்சேறின. சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். போர்ச்சுக்கீசியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் அவருக்குத் துணையாக இருந்தார். இரண்டே ஆண்டில், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் கொண்ட பட்டியலைத் தயாரித்தார். அதே 1708இல் டேனியத் தளபதி ஹாசியுஸ் அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். அரசர் அனுப்பியவரை அரசரின் அதிகாரியே அடைத்ததற்குக் காரணம் பலவாறாகக் கூறப்படுகிறது. மிஷனால் வணிகம் கெடும் என்ற அச்சம் அவற்றுள் ஒன்று.

லண்டன் கிறித்தவச் சங்கம் ஒன்று அச்சுப்பொறியும் தாளும் அனுப்பியது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். உடன்வந்த அச்சர் கரை சேருமுன் இறந்தார். பொறி மட்டும் வந்து சேர்ந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை பெரியவை, தாளை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். அதற்கான ஈயம் இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் உறையிலிருந்து கிடைத்தது என்ற செய்தி தவறாமல் எல்லா நூல்களிலும் வருகிறது. இங்கும் விட மனமில்லை. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அருகிலுள்ள பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினர். தமிழின் முதல் அச்சகம் இதுவே என்று சிலர் எழுதுவது சரியன்று. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்டது.

தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி 1713இல் சீகன்பால்க் எழுதி அனுப்பிய நூலை ஹாலே அச்சிட மறுத்தது. 1867இல்தான் அது வெளிவந்தது. 1718இல் புதிய எருசலேம் தேவாலயத்தை எழுப்பினார். மறு ஆண்டு, 36 வயதில் இறந்து அதிலேயே அடக்கமானார். 1733இல் ஆரோன் என்ற தமிழர் இங்கு குருப்பட்டம் பெற்றார்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாவரவியலாளர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் இங்கு மருத்துவராகப் பணியாற்றினார். 1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் வசம் இருந்தது. 1845இல் மற்றொரு டேனியக் குடியேற்றமான செராம்பூரும் தரங்கம்பாடியும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு அவர்களுக்கே விற்கப்பட்டன. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தபின் துறைமுகம் ஓய்ந்தது. தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த மயிலாடுதுறைக் கிளைப்பாதை 1986இல் மூடப்பட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோரக் குடியிருப்புகள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. அதன்பின் டேனிய, இந்திய அமைப்புகள் பழைய கட்டடங்கள் சிலவற்றைப் புதுப்பித்துள்ளன. கோட்டை தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். இங்குள்ள காற்றில் ஓசோன் மிகுதி என்று சுற்றுலா விளம்பரங்கள் கூறுகின்றன; கடல் மணத்தை ஓசோன் என்று கருதுவது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நம்பிக்கை.