திறந்த கதவும் புதிதாய் வருவோரும்

கூட்டு உழைப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர், முன்னணியில் நின்றோரின் பெயர்களையே பெரும்பாலும் பொறித்து வைக்கின்றனர். வாயிலில் நின்று புதியவர்க்கு வழிகாட்டியோர் எளிதில் மறக்கப்படுகின்றனர். லினக்ஸ் எனும் கணினி இயக்குதளத்தின் வரலாறு இவ்வகையில் நம் கவனத்துக்குரியது.

1991 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் நாள், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயக்குதளம் அமைத்து வருவதாக அறிவித்தார். அதன் மூலநிரல் யாவரும் படிக்கக் கிடைத்தது. பல நாடுகளிலிருந்தும் திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதை ஒத்த இத்திருத்தத்தைப் 'பாட்ச்' என்பர். மாறிய வரிகளை மட்டும் அனுப்பினாற் போதும். 1985 இல் லாரி வோல் ஆக்கிய 'பாட்ச்' எனும் செயலி அவற்றை உரிய இடத்திற் பொருத்திவிடும். தனியொரு கம்பனியின் தயவை நாடாது, அஞ்சல் வசதியுள்ள எவரும் பங்குகொள்ள இம்முறை இடமளித்தது. இன்றும் லினக்ஸ் கருநிரலுக்கான திருத்தங்கள் மின்னஞ்சல் வழியே செல்கின்றன.

ஆயினும், கதவு திறந்திருப்பதனால் மட்டும் எல்லோரும் உள்ளே வந்துவிட முடிவதில்லை. திருத்தத்தைத் தனிக் கோப்பாக இணைக்காது, மடலினுள்ளேயே வெறும் எழுத்தாக இடல் வேண்டும். ஒரு மடலில் ஒரு மாற்றமே இருத்தலும், அதன் காரணம் விளக்கப்படலும் அவசியம். அதனை அளிக்கும் உரிமை தமக்குண்டு என உறுதிகூறும் ஒப்பவரியும் 2004 முதல் வேண்டப்படுகின்றது. அஞ்சற் செயலி இடைவெளிகளை மாற்றிவிடின் திருத்தம் பொருந்தாது போகும். பலர் வரிக்கு வரி படித்து மறுமொழி கூறுவதற்கு இவ்வொழுங்கு தேவையே. ஆனால், சொல்லித்தர ஆளில்லாவிடத்து அவ்வொழுங்கே தடுப்புச் சுவராகி விடுகின்றது.

இதனை உணர்ந்தோரும் இருந்தனர். 'கேர்னல் நியூபீஸ்' எனும் குழுவினர் முதல் மடலை அனுப்பும் முறையைப் படிப்படியாக எழுதி வைத்தனர். 2008 இல் கிரெக் குரோ-ஹார்ட்மன் 'ஸ்டேஜிங்' எனும் பகுதியைத் தொடக்கினார். அங்குள்ள செப்பமுறாத நிரல்களிற் சிறு பிழைகளைத் திருத்திப் புதியவர் கைபழகினர். பின்னாளில் 'அவுட்ரீச்சி' எனப் பெயர் பெற்ற, பெண்களுக்கான பயிற்சித் திட்டத்தில் 2013 இல் லினக்ஸ் கருநிரலும் சேர்ந்தது. ஊதியமும் வழிகாட்டியும் அங்கு ஒருங்கே கிடைத்தன. ஓய்வுநேரத்தை இலவசமாக ஈய இயலாதோர்க்கு அவ்வூதியம் எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

2018 செப்டெம்பரில் டோர்வால்ட்ஸ், தமது கடுஞ்சொற்களுக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். நடத்தை விதியொன்றும் அப்போது ஏற்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்தே இது நிகழ்ந்தது. அதற்குள், முதல் மடலுக்குக் கிடைத்த ஏச்சோடு ஒதுங்கிப் போனோரின் பெயர்களை எந்த ஏடும் தாங்கவில்லை.

பொதுச் சொத்தினைப் பொதுமையாக வைத்திருக்க உரிமைப் பத்திரம் மட்டும் போதாது. முன்னே வந்தவர் பின்னே வருபவரின் கைபிடித்து, பொறுமையோடு கற்பித்தல் வேண்டும். அதுவும் உழைப்பே, வரலாறு அதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.