எல்லைக் கணக்கில் அடங்காத நகரி

திருத்தணியைத் தாண்டித் திருப்பதி சாலையில் போகிறவர்களுக்கு நகரி நெருங்குவதை முதலில் சொல்வது மலைதான். கூர்மையாக நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சிகரத்துக்கு நகரி மூக்கு என்று பெயர். உயரம் ஏறக்குறைய 2,800 அடி. வானம் தெளிந்த நாளில் வங்கக் கடலிலிருந்தே தெரியும் என்பதால், சென்னைக் கரையைத் தேடி வந்த மாலுமிகள் அதைக் குறியாக வைத்துத் திசை கணித்தார்கள். கடப்பைப் படுகையின் பாறை வகை ஒன்றையே நிலவியலார் நகரி குவார்ட்சைட் என்று குறிப்பிடுகிறார்கள். கடலிலிருந்தும் பாறையிலிருந்தும் இவ்வளவு துல்லியமாக அறியப்பட்ட ஊரை, மனிதர்களின் வரலாற்றில் மட்டும் அரைகுறையாகவே பார்த்துவருகிறோம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது எல்லைப் பிரிவினையில் கைநழுவிய ஊர். ஆந்திரத்தின் பெரிய நகரங்களிலிருந்து பார்த்தால் அது மாநிலத்தின் ஒரு கடைக்கோடி. இரண்டு பார்வையிலும் நகரி ஏதோ ஒன்றின் விளிம்பாகவே தெரிகிறது. நகரியும் அதைச் சூழ்ந்த புத்தூர், நாராயணவனம், கார்வேட்டிநகரம் பகுதிகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நடுவிடமாக இருந்தவை, இரண்டு மொழிகள் கூடிப் பல நூறாண்டு கலை வளர்த்துத் தொழில் செய்த இடம் என்பதே என் வாதம்.

முதலில் எல்லையின் வயதைப் பார்ப்போம். சித்தூர் மாவட்டம் உருவானதே 1911இல்தான். அதுவரை வடஆர்க்காட்டின் தலைமையிடமே சித்தூர். தமிழும் தெலுங்கும் பேசும் ஊர்களை ஒரே கலெக்டர் ஆண்டார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி உட்பட சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போயிற்று. அதை எதிர்த்து ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் கே. விநாயகமும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் நாம் அறிந்தது. எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கர் தந்த தீர்வை ஒட்டி 1959இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டமும் வேறு சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. புத்தூர் வட்டத்திலிருந்த நகரி ஆந்திரத்திலேயே நின்றது. கிராமத்தை அலகாகக் கொள்வது, பெரும்பான்மையோரின் தாய்மொழியைப் பார்ப்பது, நிலத்தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது என்பதுதான் பிரித்த முறை. நிர்வாகத்துக்கு இதைவிட நேர்மையான முறையைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே தெருவில் இரண்டு மொழி புழங்கும் ஊரையும், ஒரே ஆள் வீட்டில் ஒன்றும் கடையில் ஒன்றுமாகப் பேசும் ஊரையும் இந்த அளவுகோல் ஏதோ ஒரு பக்கம் தள்ளித்தான் ஆகவேண்டும். நிலமே அதற்கு இணங்கவில்லை. கார்வேட்டிநகரம் பக்கமிருந்து வரும் குசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, நகரியில் மறுபடியும் ஆந்திரத்துக்குள் போய், அப்புறம் பூண்டி ஏரிக்கு வந்து சேர்கிறது.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும்: இந்தப் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றனவே, நிலம் யாருடையது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? சான்று வலுவானதுதான். திருமலையிலும் திருப்பதியிலும் படியெடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மை தமிழ். பல்லவ அரசி சாமவை 966இல் வெள்ளித் திருமேனி அளித்ததைச் சொல்வதும் தமிழ்க் கல்வெட்டே. ஆனால் காலவரிசையைக் கவனித்தால் வேறொன்று தெரியும். அவற்றில் பெரும்பகுதி பல்லவர், சோழர் காலத்தவை அல்ல. சாளுவர், துளுவர் ஆண்ட விஜயநகரக் காலத்தவை. தெலுங்கிலும் கன்னடத்திலும் புழங்கிய மன்னர்களின் ஆட்சியில், சந்திரகிரிக் கோட்டையின் கண்ணெதிரே, கோயில் கணக்கு தமிழிலேயே தொடர்ந்தது. கிருஷ்ணதேவராயர் தம் கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியிலும் வெட்டச் செய்தார். ஆகவே இக்கல்வெட்டுகள் உறுதியாகச் சொல்வது, தமிழ் இங்கே வெகுகாலம் கோயில் எழுத்தின் மொழியாக இருந்தது, பிறமொழி அரசர்களும் அதைக் கலைக்காமல் காத்தார்கள் என்பதை. ஊர் முழுக்கத் தமிழ் மட்டுமே பேசப்பட்டது என்று அவை சொல்லவில்லை. இந்தக் கல்வெட்டுகளை ஆராய்ந்து 1930இல் அறிக்கை தந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரிதான், அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகளையும் உலகறியச் செய்தவர். இரண்டு புதையலையும் ஒருவரே திறந்தது தற்செயலாக இருக்கலாம்; ஒன்றை அறிய மற்றதையும் அறிந்தாக வேண்டும் என்பது தற்செயல் இல்லை. மார்கழி முழுதும் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கும் திருமலைக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இசை இன்னும் தெளிவான சாட்சி. நகரிக்குப் பக்கத்திலுள்ள கார்வேட்டிநகரம் ஜமீன்தார்களின் இருப்பிடம். திருத்தணியும் அந்த ஜமீனுக்குள் அடங்கியதே. அங்கே கோயில் கொண்ட வேணுகோபாலர்மீது சாரங்கபாணி தெலுங்குப் பதங்கள் பாடினார். அந்த அவையைச் சேர்ந்த கோவிந்தசாமய்யா இயற்றிய வர்ணங்கள் இன்றும் தமிழ்நாட்டு மாணவர்களின் பாடத்தில் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் இதே மாவட்டம் தந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, புங்கனூரில் பிறந்து காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்றவர்; 1954இல் சங்கீத கலாநிதி ஆனவர். லயத்தின் சிக்கல்களை அஞ்சாமல் மேடையேற்றிய அந்தப் பாணி, அவருடைய சீடர் மதுரை சோமு வழியே தமிழகத்தின் கடைக்கோடிக் கோயில் திருவிழாக்கள் வரை போயிற்று. காஞ்சிபுரத்திலிருந்து சித்தூர், சித்தூரிலிருந்து மதுரை என்று ஒரு வித்தை நடந்த வழியில் எங்கே எல்லைக்கல் நடுவது?

அரண்மனை வித்தை அப்படித்தான் இருக்கும், மேல்தட்டு மனிதர்களுக்கு மொழி ஒரு தடையாக இருந்ததில்லை என்று சொல்லலாம். அப்படியானால் கூத்தைப் பார்க்க வேண்டும். வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் என்பதை இங்கே தர்மராஜர் கோயில் என்பார்கள். பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் கதை, இரவில் கூத்து. செஞ்சிப் பக்கத்தில் தமிழில் நடப்பது இங்கே பெரும்பாலும் தெலுங்கில் நடக்கிறது. கட்டையும் கிரீடமும் முகத்தில் பூசும் அரிதாரமும் ஒன்றே. பகாசுரனுக்கு வண்டிச் சோறு போவதும் ஒன்றே. அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் உயர்ந்த தபசு மரத்தில் பாட்டோடு பாட்டாக ஏறிக்கொண்டிருக்க, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே படுத்திருப்பார்கள். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சையும் விபூதியும் அவர்களுக்குப் பிரசாதம். கடைசி நாள் காலையில் துரியோதனன் களிமண்ணால் ஆன பெரிய உருவமாகத் தரையில் கிடப்பான். வீமன் தொடையை அடித்துப் பிளந்த பிறகே திரௌபதி கூந்தல் முடிவாள். அன்று மாலை தீமிதி. எந்த அரசனும் கட்டளையிட்டுப் பரப்பிய சடங்கல்ல இது. உழவரும் நெசவாளரும் ஒரு மொழியின் கூத்தை மற்ற மொழிக்கு ஆட்டம் குறையாமல் கொண்டுவந்து நிறுத்தியது பெரிய சாதனை, நம் நாடக வரலாறுகளில் அதற்குரிய பக்கங்கள் இன்னும் ஒதுக்கப்படவில்லை.

தொழில்களும் இதையே சொல்கின்றன. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம் ஆகியவை தறி ஊர்கள். தமிழ் பேசும் செங்குந்தர்கள் இத்தொழிலில் கணிசமாக இருக்கிறார்கள். கைத்தறி விசைத்தறியானது, ஆனாலும் பாவு ஓட்டுவதும் தார் சுற்றுவதும் வீட்டோடு கலந்த வேலைகளாகவே இருக்கின்றன. இந்தத் தொழிலின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சாயக்கழிவு கலந்த ஆற்று நீர் நகரியோடு நிற்பதில்லை. பூண்டி வழியே சென்னையின் குடிநீரோடு சேர்கிறது. பக்கத்துப் புத்தூருக்கு வந்தால், எலும்பு முறிவுக்கு அவ்வூர்ப் பக்கத்து இராசபாளையத்து ராஜு குடும்பத்தார் போடும் கட்டு. பச்சிலை அரைப்பு, முட்டையின் வெள்ளைக் கரு, மூங்கில் சிம்பு, துணி — இவ்வளவுதான் பொருள். மற்றதெல்லாம் விரலின் பழக்கம். தெலுங்குக் குடும்பத்தின் கைவித்தையான இதற்குத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை இல்லாத நகரம் நம் பக்கத்தில் அரிது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் கோபமாகவே கேட்கலாம்: அப்படியானால் வடக்கெல்லைப் போராட்டம் வீணா? வீண் இல்லை. பள்ளியும் நீதிமன்றமும் தாலுகா அலுவலகமும் தன் மொழியில் நடக்க வேண்டும் என்று கேட்பது எந்த மக்களுக்கும் உரிமை. ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரின் உழைப்பு அந்த உரிமைக்கானது. திருத்தணி திரும்பியதால் அங்கே தெலுங்கு பேசுகிறவர்கள் அயலாராகிவிடவுமில்லை. தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனை அவ்வூர் தன் மகனாகவே கொண்டாடுகிறது. நியாயமான கோரிக்கை நியாயமான அளவுக்கு வென்றது. ஆனால் கோடு போட்ட பிறகு இரு பக்கமும் செய்த தவறு, கோட்டுக்கு அப்பால் இருப்பதைத் தன் வரலாற்றிலிருந்து நீக்கிக்கொண்டது. இருமொழி வாழ்வை இப்படிப் புகழ்வது சிறுபான்மையின் இழப்பை மூடி மறைக்கும் என்ற எச்சரிக்கையும் சரியானது. நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் ஆசிரியரும் பாடநூலும் உரிய நேரத்தில் கிடைக்காமல் திணறுவது பழைய கதை. பேச்சில் மட்டும் வாழும் மொழி இரண்டு தலைமுறையில் வீட்டுக்குள் சுருங்கிவிடும். அதனால்தான் நகரியைக் கொண்டாடுவதென்றால் செய்யவேண்டியது விழாவோ வளைவோ அல்ல என்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல் அந்தப் பள்ளிகளுக்கு ஜூன் மாதமே போய்ச் சேர வேண்டும். திருத்தணிப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் அதே அக்கறை காட்டப்பட வேண்டும். 1997இல் குப்பத்தில் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. தர்மராஜர் கோயில் கூத்துப் பிரதிகளை அது இரு மொழியிலும் பதிப்பிக்கலாம். தறிக்காரர்களின் தொழில் வழக்கையும் கட்டு வைத்தியத்தின் செய்முறையையும், அறிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே பதிந்துவைக்கலாம். அந்தப் பணிக்குச் சென்னையும் அமராவதியும் ஆளுக்குப் பாதி பணம் தரட்டும்.