ஃபுளோரோசிஸ்: ஒரே கிணறு, வேறு வேறு எலும்பு

குடிநீர், உணவு வழியாக வரும் ஃபுளோரைடு அளவுக்கு மீறி உடலில் சேர்வதால் பல்லையும் எலும்பையும் தாக்கும் நாட்பட்ட நோய் ஃபுளோரோசிஸ். தமிழகத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெயரோடு இது ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆந்திரத்தில் பிரகாசம், தெலங்கானாவில் நல்கொண்டா, வடக்கே ராஜஸ்தான் என்று இதன் வரைபடம் நீளும். கிருமி இல்லை, தொற்றும் இல்லை. தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் ஒரே ஃபுளோரைடு அளவுள்ள நீரைக் குடிப்பவர்களில் சிலர் கறைப்பல்லோடு தப்பிவிட, சிலருக்கு முதுகே கூனிப்போவது ஏன் என்பதைத் தண்ணீரை மட்டும் சோதித்துச் சொல்லிவிட முடியாது. சாப்பாட்டுத் தட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபுளோரைடின் ஊற்றுக்கண் பாறை. தென்னிந்தியாவின் அடியில் பரந்து கிடக்கும் கிரானைட், நைஸ் பாறைகளில் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற தாதுக்கள் இருக்கின்றன. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நிலத்தடி நீர் இவற்றிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில் தாராளமாகக் கரைந்து நிற்கும். பல இடங்களில் திறந்த கிணற்று நீரைவிட ஆழமான போர் தண்ணீரில் அளவு கூடுதல். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். அதைத் தாண்டினாலும் நிறமோ வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. காய்ச்சிக் குடித்தால் போதும் என்ற நல்ல பழக்கம் இங்கே மட்டும் எதிர்வேலை செய்கிறது: நீர் ஆவியாகும், ஃபுளோரைடு ஆகாது, மிஞ்சுவதில் செறிவு கூடும்.

பல்லில் தெரிவது சிறுவயதுக் கணக்கு. எனாமல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு மிகுந்தால் பல்லில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்திட்டுகள் விழும். பிறகு அவை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எலும்பின் கதை மெதுவானது. உடலில் தங்கும் ஃபுளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் குடியேறுகிறது. ஆண்டுக்கணக்கில் சேரச் சேர எலும்பு கனத்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, கழுத்தும் முதுகும் விறைத்துப்போகும். முற்றிய நிலையில் தண்டுவடமும் நரம்பு வேர்களும் நசுங்கிக் கால்கள் செயலிழக்கலாம்.

களப்பணியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வரை போவதில்லை. தரையில் ஒரு காசைப் போட்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்வார்கள். தாடையை நெஞ்சில் தொடச் சொல்வார்கள். இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோக்கச் சொல்வார்கள். இவற்றில் தடுமாறுகிறவரை மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

நோயின் வரலாறு அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பல் மருத்துவரிடம் தொடங்குகிறது. 1901-ல் அங்கே தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே, ஊராரின் பழுப்புப் பல்லுக்குக் காரணம் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். 1931-ல் அலுமினிய நிறுவனமொன்றின் வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில்தான் தண்ணீரில் ஃபுளோரைடைக் கண்டார். எலும்பைத் தாக்கும் வடிவம் இந்தியாவில் பதிவானது சென்னை மாகாணத்தில். நெல்லூர் மாவட்ட நோயாளிகளைப் பற்றி எச்.இ. ஷார்ட் குழுவினர் 1937-ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மனிதருக்கு முன்பே உழவு மாடுகள் நொண்டத் தொடங்கியதை அங்குள்ள விவசாயிகள் கவனித்ததாகக் குறிப்புகள் உண்டு. சற்றே விசித்திரம் என்னவென்றால், 1945 முதல் அமெரிக்க ஊர்கள் பற்சொத்தையைத் தடுக்க இதே ஃபுளோரைடைக் குடிநீரில் சிறிதளவு கலக்கத் தொடங்கின.

1940-லேயே சி.ஜி. பண்டிட் குழுவினர் தென்னிந்தியக் கிராமங்களை ஒப்பிட்டு, நோயின் கடுமையில் உணவின் தரத்துக்கும், குறிப்பாக வைட்டமின் சி-க்கும், பங்கு உண்டு என்று எழுதினார்கள். கால்சியத்தின் வேலை இன்னும் வெளிப்படையானது. குடலில் அது ஃபுளோரைடைப் பிடித்து, எளிதில் கரையாத கால்சியம் ஃபுளோரைடாக்கி மலத்தோடு வெளியேற்றுகிறது. பாலும் மோரும் கீரையும் வாங்க முடியாத வீட்டில் அந்தக் காவல் இல்லை. ஏழைகளை இந்த நோய் அதிகம் முடக்குவதற்கு அவர்களுடைய தண்ணீர் பாதிக் காரணம் என்றால், சாப்பாடு மீதி.

நல்கொண்டா இதைவிடச் சிக்கலான பாடம். 1970-களில் அங்கே வளரிளம் பருவத்தினரிடம், நிற்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும் புதுவகை ஊனம் தென்பட்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973-ல் இதை லான்செட் இதழில் விவரித்தனர். நாகார்ஜுனசாகர் அணை கட்டிய பிறகு சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து மண் காரமானது; காரமண்ணில் பயிர்கள் மாலிப்டினத்தைக் கூடுதலாக உறிஞ்சும். சோளமே பிரதான உணவாக இருந்தவர்களின் உடலில் மாலிப்டினம் ஏறி, எலும்புக்குத் தேவையான தாமிரம் வெளியேறியது. ஃபுளோரைடு முன்பும் இருந்ததுதான். அணை மண்ணை மாற்றியது, மண் சோளத்தை மாற்றியது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

சில நாடுகளில் உணவே நேரடி வாசல். சீனாவின் குய்சோ மாகாணத்தில் களிமண் கலந்த நிலக்கரி அடுப்பின் புகையில் வீட்டுக்குள்ளேயே மக்காச்சோளக் கதிரையும் மிளகாயையும் உலர்த்துவார்கள். ஃபுளோரைடு அவற்றில் படிந்து வயிற்றுக்குள் போகிறது. திபெத்தியர் குடிக்கும் கட்டித் தேயிலை முதிர்ந்த இலையில் செய்வது, அதிலும் ஃபுளோரைடு மிகுதி. அமெரிக்காவில் 100 முதல் 150 தேநீர்ப் பைகளில் தயாரித்த தேநீரை 17 ஆண்டுகள் நாள்தோறும் குடித்த 47 வயதுப் பெண்ணுக்கு எலும்பு ஃபுளோரோசிஸ் வந்ததை 2013-ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது.

தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை நீக்க, நாக்பூரின் நீரி (NEERI) ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘நல்கொண்டா முறை’ எளிது: தண்ணீரில் சுண்ணாம்பு, படிகாரம், பிளீச்சிங் பவுடர் போட்டு மெதுவாகக் கலக்கி, தெளியவிட்டு மேல்நீரை இறுத்துக்கொள்வது. ஆனால் நாள்தோறும் அளவறிந்து செய்ய வேண்டும், அடியில் தங்கும் சேற்றையும் எங்காவது கொட்ட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு அரசு காவிரி ஆற்றையே கொண்டுவந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்ற சொற்களும் உண்டு.

காவிரித் தண்ணீர் வந்தபின் பிறந்து, அதையே குடித்து வளரும் குழந்தைக்குப் பல்லில் கறை விழ வேண்டியதில்லை. ஏற்கெனவே எலும்பில் ஏறியது அப்படி இல்லை. அது மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறப் பல ஆண்டுகள் பிடிக்கும். இங்கே மறுபடியும் உணவு வருகிறது. புளி சாப்பிட்ட பள்ளிச் சிறுவர்களின் சிறுநீரில் கூடுதல் ஃபுளோரைடு வெளியேறியதைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2002-ல் காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவில் தொண்டு நிறுவனத்தினர் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்பான நீரோடு நெல்லிக்காயையும், மழைக்காலத்தில் தரிசெல்லாம் தானே முளைக்கும் தகரைக் கீரையையும் கொடுக்கச் சொல்கிறார்கள்.